ஃபைபர் ரிங்கைக் கணினியில் வரைவது: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, அம்பை, சேரன்மகாதேவி வட்டாரத்தில் கேபிள் டிவியில் தொடங்கி, இன்று வீட்டுக்கு வீடு இணையம் கொடுப்பவர்கள் நிறையப் பேர். நெட்வொர்க் வளர்ந்த வேகத்துக்கு அதன் படம் வளரவில்லை. எந்தக் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் தலைக்குள்தான் இருக்கிறது. அவர்களில் ஒருவர் ஊரில் இல்லாத நாளில் கட் விழுந்தால் என்ன பாடு என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பராமரிப்பும் வரைபடமும் பார்க்கிறவன் என்பதால் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ரிங் என்றால் ஊர் ஊராகப் போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் கேபிள் வளையம். எடுத்துக்காட்டுக்கு ஒரே ரிங்கை வைத்துக்கொள்வோம். திருநெல்வேலி சந்திப்பிலிருந்து பேட்டை, முக்கூடல், அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணியின் வடகரையோடு போகிறது. அம்பையில் ஆற்றைத் தாண்டுகிறது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, மேலப்பாளையம், பாளையங்கோட்டை என்று தென்கரையோடு திரும்பி, மறுபடி ஆற்றைத் தாண்டிச் சந்திப்புக்கே வந்து சேர்கிறது. ஒன்பது நோடு (சுவிட்ச் நிற்கும் இடம்), ஒன்பது இணைப்பு. ஊர்கள் உண்மை, ரிங் நானாக வரைந்தது.

ரிங் என்பதே எதற்கு? நேராக ஒரு கேபிள் போட்டால் போதாதா?

நேராகப் போட்டால் ஒரு இடத்தில் அறுந்ததும் அதற்கு அப்பால் உள்ள ஊர் எல்லாம் இருண்டுவிடும். ரிங்கில் ஒவ்வொரு நோடுக்கும் இரண்டு வழி. வீரவநல்லூருக்கும் கல்லிடைக்கும் நடுவே கட் ஆனால், வீரவநல்லூர் சேரன்மகாதேவி வழியாகவும், கல்லிடை அம்பை வழியாகவும் சந்திப்பைப் பிடித்துக்கொள்ளும். ஈதர்நெட் ரிங் பாதுகாப்புக்கான ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) தரமான ஜி.8032, இந்த மாற்றம் 50 மில்லி செகண்டுக்குள் நடக்க வேண்டும் என்பதைக் குறியாக வைத்திருக்கிறது. கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்துக்கே 2023-இல் ஒப்புதல் பெற்ற திருத்தம் கிராம இணைப்புகளை ரிங் அமைப்புக்கு மாற்றச் சொல்கிறது.

ஒரே படத்தில் எல்லாவற்றையும் காட்ட முடியுமா?

முடியாது. முயற்சி செய்தவர்கள் எல்லாரும் பாதியில் விட்டுவிட்டார்கள், நான் உட்பட. ஒரு ரிங்குக்கு மூன்று படம் வேண்டும்.

முதலாவது தரைப்படம். கேபிள் எந்த ரோட்டின் எந்தப் பக்கம் போகிறது, எங்கே போஸ்ட்டில் ஏறுகிறது, எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது, எந்தப் பாலத்தில் தொங்குகிறது, ஜாயிண்ட் பாக்ஸ் எங்கே, மிச்சக் கேபிளைச் சுருட்டிப் போட்ட லூப் எங்கே என்பதெல்லாம் இதில் வரும்.

இரண்டாவது கோர்ப் படம். கேபிளுக்குள் இருக்கும் 24 கோரில் (கண்ணாடி இழையில்) எந்தக் கோர் எந்த ஜாயிண்டில் எதோடு ஒட்டியிருக்கிறது, எது காலி, எது அடுத்தவருக்கு வாடகைக்குப் போயிருக்கிறது என்று இது சொல்லும்.

மூன்றாவது சுவிட்ச் படம். எந்த நோடின் எந்த போர்ட் எதிர்ப்பக்கம் எந்த போர்ட்டைப் பார்க்கிறது, ரிங்கில் சுழற்சி வராமல் எந்த இடம் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இது.

மூன்றையும் இணைப்பது பெயர்தான். நோடு, ஜாயிண்ட், கேபிள் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு கொடுத்து, மூன்று படத்திலும் அதே குறியீட்டை எழுதுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். சேரன்மகாதேவி, சேரன்மாதேவி, சேர்மாதேவி என்று ஒரே ஊரை மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் கணினிக்கு அது மூன்று ஊர். அம்பாசமுத்திரமும் அம்பையும் அப்படித்தான்.

எந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம்?

தரைப்படத்துக்குக் கியூஜிஐஎஸ். இலவசம், திறந்த மூலம், 2002-இல் தொடங்கி இன்றுவரை வளர்ந்துகொண்டிருப்பது. அதோடு சேர்ந்து வேலை செய்யும் கியூஃபீல்டு செயலியைப் போனில் போட்டால், ஜாயிண்ட் பாக்ஸ் பக்கத்தில் நின்றபடியே புள்ளி வைத்து, படமும் எடுத்துச் சேர்த்துவிடலாம்.

கூகுள் எர்த் புரோவும் இலவசம்தான். பார்ப்பதற்கு அருமை. ஆனால் அதில் கோடு போட்டால் கோடு மட்டும்தான் இருக்கும். எத்தனை கோர், எந்த ஆண்டு போட்டது, யார் போஸ்ட் என்ற விவரங்களை அட்டவணையாக வைத்துத் தேட அது தோதுப்படாது. ஏற்கெனவே அதில் வரைந்து வைத்திருந்தால் கவலை வேண்டாம், அந்தக் கேஎம்எல் கோப்பைக் கியூஜிஐஎஸ் அப்படியே திறக்கும்.

கோர்ப் படத்துக்கு நெட்பாக்ஸ் நல்லது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்துக்குள் உருவாகி 2016-இல் திறந்த மூலமாக வெளிவந்தது. ரேக், பேட்ச் பேனல், போர்ட், கேபிள் எல்லாவற்றையும் பதிந்துவிட்டால், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடம் பிடித்துக் காட்டும். லினக்ஸ் சர்வரில் ஏற்றத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படி ஆள் இல்லையென்றால் ஒழுங்கான எக்செல் தாளே போதும்.

சுவிட்ச் படத்துக்கு, சுவிட்சுகளைக் கண்காணிக்கும் லிப்ரஎன்எம்எஸ். இதுவும் இலவசம். கையால் வரைய டிரா.ஐஓ இருக்கிறது.

இவற்றில் ஒன்றுதான் முடியும் என்றால் கியூஜிஐஎஸ் என்பேன். மற்ற இரண்டு படத்தையும் உபகரணத்திலிருந்தும் ஆட்களிடமிருந்தும் எப்படியாவது திரட்டிவிடலாம். மண்ணுக்குள் கிடப்பதை மறுபடி கண்டுபிடிக்க மறுபடி தோண்டத்தான் வேண்டும்.

எக்செலில் எல்லாம் வைத்திருக்கிறோம். அதைத் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு பத்தி சேர்த்து, சிஎஸ்வி ஆகச் சேமித்தால், கியூஜிஐஎஸ் அதைப் புள்ளிகளாகப் படத்தில் போட்டுவிடும். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், சேமிக்கும்போது யூடிஎஃப்-8 தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம்.

கியூஜிஐஎஸ்ஸில் கேபிள் நீளம் 0.05 என்று காட்டுகிறது. என்ன தப்பு?

அது மீட்டர் இல்லை, டிகிரி. ஜிபிஎஸ் தரும் எண்கள் டிகிரியில் இருக்கின்றன, அதை அப்படியே அளந்துவிட்டீர்கள். நம் பக்கத்தில் ஒரு டிகிரி ஏறக்குறைய 110 கிலோமீட்டர். புராஜெக்ட் அமைப்பில் எலிப்ஸாய்டை (பூமியின் வடிவக் கணக்கை) டபிள்யூஜிஎஸ் 84 என்றும், அலகை மீட்டர் என்றும் வைத்து, அளவைக் கருவியில் எலிப்ஸாய்டு முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு மாற்றி அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூடிஎம் மண்டலம் 43-க்கும் 44-க்கும் எல்லைக்கோடு 78 டிகிரி கிழக்கு. திருநெல்வேலி அதற்கு மேற்கே, 43-இல் வருகிறது. தூத்துக்குடியும் திருச்செந்தூரும் கிழக்கே, 44-இல். பாளையிலிருந்து தூத்துக்குடி வரை கேபிள் வைத்திருப்பவர் எலிப்ஸாய்டு முறையிலேயே அளந்துவிடுவது நிம்மதி.

ஓடிடிஆர் காட்டும் தூரமும் வரைபடத் தூரமும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

இரண்டுமே சரி. ஓடிடிஆர் என்பது இழைக்குள் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் கருவி. அது அளப்பது கண்ணாடி இழையின் நீளத்தை. வரைபடம் அளப்பது ரோட்டின் நீளத்தை. ஒவ்வொரு லூப்பிலும் சுருண்டு கிடக்கும் கேபிள், போஸ்ட்டுக்குப் போஸ்ட் தொய்வு, கேபிள் உறையைவிட உள்ளே இருக்கும் இழை சற்று நீளமாக இருப்பது எல்லாம் ஓடிடிஆர் கணக்கில் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பகுதி வரைபடத்தில் 6,000 மீட்டர். வழியில் ஆறு லூப், ஒவ்வொன்றும் 30 மீட்டர், ஆக 180. ஓடிடிஆர் முழு நீளம் 6,270 காட்டுகிறது. லூப்பைக் கழித்தால் 6,090. அதை 6,000-ஆல் வகுத்தால் 1.015. இதுதான் அந்தப் பகுதியின் விகிதம். இதைக் கேபிள் அட்டவணையில் ஒரு பத்தியாக எழுதி வையுங்கள்.

அப்புறம் ஒரு நாள் கட் ஆகிறது. ஓடிடிஆர் 4,135 மீட்டரில் முடிவு காட்டுகிறது. அந்தத் தூரத்துக்குள் நான்கு லூப் தாண்டியிருக்கிறது, 120 மீட்டர் கழித்தால் 4,015. 1.015-ஆல் வகுத்தால் 3,956. வரைபடத்தில் நோடிலிருந்து 3,956 மீட்டரில் புள்ளி வைத்து அங்கே போய் நில்லுங்கள். கணக்குப் போடாமல் 4,135-லேயே போய் நின்றிருந்தால் ஏறக்குறைய 180 மீட்டர் தள்ளி நின்று, மழையில் குழி வெட்டிக்கொண்டிருப்பீர்கள். கன்னடியன் கால்வாய் ஓரத்தில் ஜேசிபி வேலை நடந்த இடமா, அதைத் தாண்டிய தோப்பா என்பதையே அந்த 180 மீட்டர் மாற்றிவிடும்.

ஓடிடிஆரில் ஒளிவிலகல் எண்ணையும் பாருங்கள். ஒருவர் 1.468, இன்னொருவர் 1.470 என்று வைத்து அளந்தால், ஆறு கிலோமீட்டருக்கு எட்டு மீட்டர் வித்தியாசம் வரும். கேபிள் தயாரிப்பாளர் கொடுத்த எண்ணை அட்டவணையில் எழுதிவிட்டால் எல்லாரும் ஒரே எண்ணை வைப்பார்கள்.

ரிங்கை வட்டமாகக் காட்டுவதா, ரோடு போகிறபடியே காட்டுவதா?

ஆபீஸில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வட்டம். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவருக்கு ரோடு.

வட்டம் வரைய கிராஃப்விஸ் என்ற இலவசக் கருவி உண்டு. எந்த நோடு எதோடு சேர்கிறது என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால் போதும், அதில் உள்ள சர்கோ என்ற முறை தானாகவே வட்டமாக அடுக்கிவிடும். நோடு கூடினால் ஒரு வரி சேர்த்தால் போதும், படத்தை மறுபடி இழுத்துச் சரிசெய்ய வேண்டியதில்லை. வட்டத்தில் சந்திப்பு எப்போதும் கிழக்கே, அம்பை மேற்கே வரும்படி நிறுத்துங்கள். ஆறு ஓடுகிற திசை தெரிந்த நம் ஆட்களுக்கு, வடகரை மேலே தென்கரை கீழே என்று இருந்தால் பார்த்ததும் புரியும். சர்கோ அந்தத் திசையைத் தானாகத் தராது. நோடின் இடத்தை நீங்களே குறித்துக் கொடுத்து, அதே கருவியில் நீட்டோ முறையில் வரைய வேண்டும்.

சுவிட்சுகளே தங்கள் படத்தை வரைந்துகொள்ளும் என்கிறார்களே?

ஓரளவுக்கு உண்மை. எல்எல்டிபி என்ற நெறிமுறையை இயக்கி வைத்தால், ஒவ்வொரு சுவிட்சும் தன் பக்கத்துச் சுவிட்சிடம் பெயரையும் போர்ட்டையும் சொல்லிக்கொள்ளும். லிப்ரஎன்எம்எஸ் அதை எஸ்என்எம்பி (சுவிட்சிடம் விவரம் கேட்டு வாங்கும் நெறிமுறை) வழியாக வாங்கிக் கோடு போடும். ரிங்கில் சுழற்சி வராமல் அடைத்து வைத்த இணைப்பில்கூட எல்எல்டிபி தகவல் போகும், அதனால் ஒன்பது கோடும் வரும். அடைத்த கோட்டைப் புள்ளிக்கோடாக நீங்களே குறித்து வையுங்கள். இல்லையென்றால் புதிதாக வந்தவர் “இந்த லிங்கில் டிராஃபிக்கே இல்லையே” என்று அதைப் பிடுங்கிவிடுவார்.

நடுவில் மீடியா கன்வெர்ட்டரோ எல்எல்டிபி தெரியாத சின்னச் சுவிட்சோ இருந்தால் படத்தில் அது தெரியாது. எந்த ரோட்டில் கேபிள் போகிறது என்று எந்தச் சுவிட்சாலும் சொல்லவே முடியாது.

படத்தில் ரிங் முழுசாக இருக்கிறது. அப்படியிருந்தும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போனது எப்படி?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, தாமிரபரணி சந்திப்புப் பகுதிக்குள்ளேயே வந்துவிட்டது. நான் அப்போது வேலை பார்த்த சிறிய நெட்வொர்க்கில் ஒரு ரிங் இருந்தது. சுவர்த் திரையில் அழகான பச்சை வட்டம். கடைசி நிமிடம் வரை பச்சை. அப்புறம் இரண்டு இணைப்பும் ஒரே நொடியில் சிவப்பு.

தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். ஒரு பாலத்தின் பக்கச் சுவரில் கேபிள் போகும் இரண்டு எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயும் ஒரே கிளாம்பில் கட்டியிருந்தன. வெள்ளத்தில் வந்த ஒரு மரம் இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருந்தது. ரிங்கின் இரண்டு கையும் அந்த நூறு மீட்டரில் ஒன்றாகத்தான் போயிருக்கிறது. போட்ட அன்றைக்கு வேலையைச் சீக்கிரம் முடிக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். எங்களோடு வந்த, இழை ஒட்டும் ஸ்ப்ளைசிங் அண்ணாச்சி கிளாம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, படத்துல வட்டம் போட்டுட்டா போதுமா? ரெண்டும் ஒரே கிளாம்புலல்லா கெடக்கு.”

அன்றிலிருந்து எந்த ரிங்கை வரைந்தாலும் தரைப்படத்தில்தான் தொடங்குகிறேன்.

அப்படி ஒன்றாகப் போகும் இடங்களை மென்பொருளே கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்கும், தரைப்படம் சரியாக இருந்தால். ரிங்கின் வடகரைக் கை, தென்கரைக் கை இரண்டையும் தனித்தனி லேயராக வையுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் ஒரு கையைச் சுற்றி 20 மீட்டருக்கு பஃபர் போடுங்கள். மற்றக் கை அந்தப் பட்டைக்குள் எங்கெல்லாம் நுழைகிறது என்று இன்டர்செக்ஷன் கருவியால் வெட்டி எடுங்கள். வந்து விழும் துண்டுகள் எல்லாம் ஆபத்தான இடங்கள். நோடு வாசலில் சில மீட்டர் வருவது இயல்பு. நடுவழியில் வந்தால் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

பஃபர் எல்லாவற்றையும் பிடிக்காது. வேறு வேறு ரோட்டில் போகும் கைகளில் இருந்தாலும், ஒரே தனியார் கட்டடத்தின் ஒரே கரண்ட் இணைப்பில் நிற்கும் இரண்டு சுவிட்சுகளை அது சொல்லாது. அதற்குக் கேபிள் அட்டவணையில் ‘பொது ஆபத்து’ என்று ஒரு பத்தி சேர்த்து, பாலத்துக்கு ஒரு எண், ரயில்வே கேட்டுக்கு ஒரு எண், போஸ்ட் வரிசைக்கு ஒரு எண், மின் இணைப்புக்கு ஒரு எண் என்று கொடுங்கள். இரண்டு கையிலும் ஒரே எண் வந்தால் அங்கே ரிங் இல்லை.

பைத்தான் தெரிந்தவர்களுக்கு நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. எந்த ஒரு கோட்டை எடுத்தால் வலை இரண்டாகப் பிரியும் என்று தேடிச் சொல்லும். கணிதத்தில் அப்படிப்பட்ட கோட்டுக்குப் பெயரே பாலம்தான். கேபிளைக் கோடாகக் கொடுக்காமல், குழியையும் பாலத்தையும் கோடாகக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

ஜாயிண்ட் விவரத்தை எப்படிப் பதிவது? “13ஆம் கோர்” என்று எழுதினால் போதுமா?

போதாது. சில 24 கோர் கேபிளில் நான்கு டியூப் (கோர்களை உள்ளே வைத்திருக்கும் சிறு குழாய்), டியூபுக்கு ஆறு கோர். சிலவற்றில் இரண்டு டியூப், டியூபுக்குப் பன்னிரண்டு. முதல் வகையில் 13ஆம் கோர் என்பது மூன்றாவதான பச்சை டியூபில் முதல் நீலக் கோர். இரண்டாம் வகையில் இரண்டாவதான ஆரஞ்சு டியூபில் நீலக் கோர். ஜாயிண்டின் ஒரு பக்கம் இந்த வகை, மறுபக்கம் அந்த வகை என்று வந்தால் இரவு பன்னிரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் யாருக்கும் குழப்பம்தான்.

டியூப் நிறம், கோர் நிறம் இரண்டையும் எழுதுங்கள். வழக்கமான வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், அக்வா. பாக்ஸை மூடும் முன் ட்ரேயை ஒரு படம் எடுத்து, அந்த ஜாயிண்ட் புள்ளியோடு சேருங்கள். வெள்ளையும் சாம்பலும் போன் வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரியும், அதனால் படம் இருக்கிறதே என்று நிறத்தை எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

யார் புதுப்பிப்பது? எப்போது?

ஜாயிண்டைத் திறந்தவர், மூடும் முன். ஆபீஸுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த மாற்றம் ஏறவே ஏறாது. எங்கள் பக்கம் பதிவு ஏறிய பிறகுதான் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு.

அறுந்தபின் சுற்றி வருவதால் இணையம் மெதுவாகுமா?

தூரத்தால் ஆகாது. ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ செகண்ட் எடுக்கும், நூறு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றினாலும் அரை மில்லி செகண்ட்தான். நெரிசலால் ஆகலாம். இரண்டு கையில் பிரிந்து போனது ஒரே கையில் போகும், அதற்கு அந்தக் கையில் இடம் இருக்கிறதா என்று மாலை எட்டு மணிக் கணக்கை வைத்துப் பாருங்கள்.

படத்தை மற்றவர்களிடம் காட்டலாமா?

முழுக் கேஎம்எல் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எந்தப் பாலத்தில் எந்த நெட்வொர்க் என்பது கண்டவர் கையில் இருக்கக் கூடாத விவரம். ரோடு வேலை, குடிநீர்க் குழாய் வேலை செய்பவர்களுக்கு அந்தந்த இடத்தின் படத்தை மட்டும் கொடுங்கள். தோண்டும் முன் தகவல் சொல்வதற்காக மத்திய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. அறிவிப்பு வரும்போது நம் கேபிள் அங்கே இருக்கிறதா என்று உடனே பதில் சொல்ல நம்மிடம் தரைப்படம் இருக்க வேண்டும்.

ஆள் குறைவு, நேரம் குறைவு. எங்கே தொடங்குவது?

பாலங்களில் தொடங்குங்கள். உங்கள் ரிங் ஆற்றையும் கால்வாயையும் ரயில் பாதையையும் தாண்டும் இடங்களை மட்டும் முதலில் நேரில் போய்ப் பார்த்துப் பதியுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். அப்புறம் ஜாயிண்ட் பாக்ஸ்கள். நடுவே உள்ள கோடுகள் கடைசியில்.

பழைய ஆட்கள் கையில் இருக்கும் நோட்டை என்ன செய்வது?

பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்து, அந்தந்த ஜாயிண்ட் புள்ளியோடு இணைத்து வையுங்கள். நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். நான் சொன்ன அண்ணாச்சியின் நோட்டில் ஒரு பக்கத்தில் கோர் எண்ணோ தூரமோ கிடையாது. ஒரு புளியமரம், ஒரு சுமைதாங்கிக் கல், இரண்டுக்கும் நடுவில் ஒரு பெருக்கல் குறி. கீழே “பதினாலு தப்படி” என்று பென்சிலில் எழுதியிருந்தார். புளியமரம் இப்போது இல்லை, ரோடு அகலப்படுத்தும்போது போய்விட்டது. கல் இருக்கிறது. அவரையே கூட்டிக்கொண்டு போய், கல்லிலிருந்து பதினாலு தப்படி நடக்கச் சொல்லி, அவர் நின்ற இடத்தில் போனில் புள்ளி வைத்தோம். தோண்டினோம், இரண்டடியில் பாக்ஸ் மூடி தட்டுப்பட்டது.